முழங்காலுக்குக் கீழே பத்து சென்டிமீற்றர்

காலி வீதியில் சவோய் தியேட்டரில் இருந்து வெள்ளவத்தைச் சந்தை வரை நடந்தால், நகைக்கடைக்கும் புடவைக்கடைக்கும் அடுத்தபடி அதிகம் கண்ணில் படுவது பார்மசிதான். காலை ஒன்பதரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது. முதலில் நுழைந்த பார்மசியில் மருந்துத் துண்டோடு நாலைந்து பேர் நின்றார்கள். என் முறை வந்ததும், "மூளையில இரத்தம் கசிஞ்சு பாரிசவாதம் வந்த ஒருத்தருக்குக் கால்ல இரத்தம் கட்டாமல் இருக்க என்ன வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

கவுண்டரில் நின்ற பெடியன் யோசிக்கவே இல்லை. பின்தட்டில் இருந்து நீளமான பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். தொடை வரை இழுத்து மாட்டுகிற வெள்ளை நிற இறுக்கக் காலுறை. "எல்லாரும் இதுதான் அக்கா வாங்கிறவை. இரவு பகல் போட்டு விடுங்கோ." சோடி 6,800 ரூபா. கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தேன். கணுக்காலில்தான் பிடி அதிகம், மேலே போகப் போகத் தளர்கிறது. கணுக்கால், கெண்டை, தொடை மூன்றையும் அளந்துதான் சைஸ் எடுக்க வேண்டும் என்று பெட்டியின் பின்பக்கம் படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். பெடியன் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆள் மொத்தமோ, மெல்லிசோ?"

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் மூளை இரத்தக்கசிவில் இருந்து தப்பி வீட்டுக்கு வந்தார். பேச்சுத் திரும்பியது, கையால் கரண்டி பிடித்தார். மூன்றாம் வாரம் ஒரு விடியற்காலை, கழிப்பறைக்குப் போக எழுப்பி இருத்தியபோது மூச்செடுக்க முடியாமல் சரிந்தார். செத்தவீட்டில் எல்லாரும் "ரெண்டாவது அட்டாக்" என்றுதான் சொன்னார்கள். பிரேத பரிசோதனை வேறு சொன்னது. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தம் பெயர்ந்து போய், சுவாசப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை அடைத்திருக்கிறது. தலையில் மறுபடி கசிந்துவிடுமோ என்று வீடே பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை. காலை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்ததாக நுழைந்தது சத்திரசிகிச்சைச் சாமான்கள் விற்கிற கடை. வாசலை மறித்துச் சக்கர நாற்காலிகள். கமோட் கதிரை, வோக்கர், படுக்கைப்புண் வராமல் காற்று மாறி மாறி ஏறும் மெத்தை. மெத்தை 14,500 ரூபா என்று சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், பொறுமையானவர். காலுறை வேண்டாம், காற்றடித்துக் காலை அமுக்குகிற மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, ஆஸ்பத்திரியில போடுறது இதுதான்" என்று பெரிய பெட்டியைத் திறந்தார். முழங்கால் வரை வரும் இரண்டு துணி உறைகள், குழாய், ஒரு சின்னப் பெட்டி. செருகியதும் உறை புஸ்ஸென்று ஊதி என் முன்கையைப் பிடித்தது, பிறகு விட்டது. 36,000 ரூபா.

உள்ளே இருந்த தாளை வாங்கி வாசித்தேன். களைத்த கால்களுக்கு இதம் தரும் வீட்டு மசாஜ் கருவி. கடைசிப் பக்கத்தில் எழுத்து இன்னும் பொடிசாகிறது: காலில் இரத்தக்கட்டி இருப்பவர்களும் இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களும் பாவிக்கக் கூடாது. கடைக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்துவிட்டு, "இதை நான் பார்க்கேல்லை" என்றார். பெட்டியை அவரே மூடி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் போடும் கருவி இதே வகைதான். ஆனால் அதன் அழுத்தமும் இடைவெளியும் நாளத்து இரத்தத்தை மேலே தள்ளுவதற்கென்று அமைத்தவை. அதைப் போடுவது நோயாளி வந்து விழுந்த முதல் நாட்களில், கட்டி உருவாக முன்பு. நாட்கணக்கில் கிடந்த காலுக்கு, உள்ளே கட்டி இல்லை என்று பார்க்காமல் காற்றுறை போட்டால், இருக்கிற கட்டியை நாமே பிதுக்கி அனுப்பினாலும் அனுப்புவோம்.

பதினொரு மணிக்கு, வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என்னைக் கூட்டிப்போக வந்தார். வெள்ளவத்தையில் ஒரு தடவைக்கு 3,000 ரூபா வாங்குகிறார், கொட்டாஞ்சேனையில் 2,000. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாலாம் மாடி. லிஃப்டில் சக்கர நாற்காலி நேராக நுழையாது, சரித்துத்தான் நுழைக்க வேண்டும். யன்னலைத் திறந்தால் மரின் டிரைவும் தண்டவாளமும் கடலும். ரயில் போகும்போது தண்ணீர்ப் போத்தல் மேசையில் நடுங்கியது.

ஐயாவுக்கு அறுபத்தெட்டு வயது. மூளையில் கசிந்து ஆறு வாரம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. மனைவி டயக்னோசிஸ் கார்டை எடுத்துத் தந்தார். பிரஷருக்கு அம்லோடிபின், லொசார்ட்டன், இரண்டு வாரத்தில் கிளினிக். காலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஐயாவின் இரண்டு காலிலும் அதே வெள்ளைக் காலுறை.

"பிள்ளையள் கனடாவில இருந்து அனுப்பினவை. கழட்டினா இரத்தம் கட்டிப்போடும் எண்டு பயத்தில ரெண்டு மூண்டு நாளா கழட்டேல்லை" என்றார் அம்மா.

பிசியோதெரபிஸ்ட் வலக்கால் உறையை மெதுவாக உருட்டி இறக்கினார். மேல்விளிம்பு சுருண்டு முழங்காலுக்குப் பின்னால் கயிறாகிக் கிடந்திருக்கிறது. அந்த இடத்தில் விரல் அகலத்துக்குச் சிவந்த பள்ளம். குதிக்காலில் பத்து ரூபாக் குற்றி அளவில் தோல் ஊதாக் கறுப்பாகிவிட்டது. அந்தக் காலில் ஐயாவுக்கு உணர்ச்சி குறைவு. நொந்திருந்தாலும் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் சொல்லப் பேச்சு வராது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்தக் குதிக்காலைப் பார்த்த பிறகு, நான் வாசித்திருந்த ஆராய்ச்சி ஒன்றின் எண்களுக்கு உருவம் வந்தது. எடின்பரோவைச் சேர்ந்த மார்ட்டின் டெனிஸ் என்ற மருத்துவர் தலைமையில் நடந்த 'குளொட்ஸ்' ஆய்வுகளில் முதலாவது 2009இல் வெளிவந்தது. பாரிசவாதத்தால் எழுந்து நடக்க முடியாத 2,518 பேரில் ஒரு பாதிக்குத் தொடை வரை காலுறை போட்டார்கள், மறு பாதிக்குப் போடவில்லை. போட்டவர்களில் 10 வீதமானோருக்கு முழங்காலிலோ அதற்கு மேலேயோ உள்ள பெரிய நாளத்தில் இரத்தம் கட்டியது. போடாதவர்களில் 10.5 வீதம். சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. தோல் புண், கொப்புளம், தோல் அழுகல் மட்டும் காலுறை போட்டவர்களிடம் 5 வீதம், போடாதவர்களிடம் 1 வீதம். இவ்வளவு காலத்துக்கு முன்பே முடிந்த விடயம் இது. இருந்தும் காலி வீதியில் அந்தப் பெட்டிதான் முதலில் கைக்கு வருகிறது, கடல் கடந்து பார்சலிலும் வருகிறது. அன்பினால் அனுப்புகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிசியோதெரபிஸ்ட் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு கையில் தட்டுப்படும். அதிலிருந்து பத்து சென்டிமீற்றர் கீழே பேனையால் புள்ளி வைத்து, அந்த இடத்தில் கெண்டையைச் சுற்றி அளந்தார். இடது 34, வலது 34 அரை. கையின் பின்பக்கத்தை இரண்டு கெண்டையிலும் மாறி மாறி வைத்துச் சூடு பார்த்தார். ஒரே சூடு. "இப்போதைக்குப் பயம் இல்லை. குதிக்காலுக்கு மட்டும் இண்டைக்கே டொக்டரிட்டக் காட்டுங்கோ."

அம்மா விடவில்லை. "அப்ப அஸ்பிரின் குடுக்கலாமோ பிள்ளை? பக்கத்து வீட்டுக்காரர் தன்ர அண்ணைக்குக் குடுக்கிறவையாம்."

"வேண்டாம் அம்மா. அவருக்கு வந்தது அடைப்பு. ஐயாவுக்கு வந்தது கசிவு. டொக்டர் எழுதாமல் ஒரு குளிசையும் குடுக்க வேண்டாம்."

மூளையில் கசிந்தவருக்கு இரத்தம் உறைய வேண்டும், இல்லாவிட்டால் கசிவு நிற்காது. அதே ஆளின் காலில் இரத்தம் உறையக் கூடாது. அடைப்பினால் வந்த பாரிசவாதம் என்றால் இரத்தம் கட்டாமல் இருக்கிற மருந்து பெரும்பாலும் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது, கால் அதன் நிழலில் ஓரளவு தப்புகிறது. கசிவு என்றால் அந்த மருந்தை நிறுத்தி வைப்பார்கள், கால் காப்பின்றிக் கிடக்கும். அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த இழுபறிக்கு விடை இருக்கிறது: எழுந்து நடக்க முடியாதவருக்குக் காற்றுறையை நோய் தெரிந்த அன்றே போடுங்கள், காலுறையால் பயன் இல்லை, கசிவு தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு, இரத்தம் கட்டாமல் இருக்கச் சிறு அளவு ஹெப்பரின் வகை ஊசியைத் தொடங்குவது பற்றி யோசிக்கலாம். கசிவு பெருகாமல் நிற்கிறதா என்று சீ.ரி. ஸ்கானில் பார்த்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி எடுக்க முடியாது.

பிசியோதெரபிஸ்ட் அடுத்துப் போக வேண்டிய வீடு கொட்டாஞ்சேனையில். 155ஆம் இலக்க பஸ். ரிக்கெட் 80 ரூபா. பின்சீட்டில் யன்னலோரம் இடம் கிடைத்தது. தும்முல்லை தாண்டிக் கண் ஆஸ்பத்திரிச் சந்திக்கு வந்தபோது நெரிசலில் பத்து நிமிடம் நின்றோம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அரச அம்புலன்ஸ் ஒன்று எங்களை உரசிக்கொண்டு தேசிய வைத்தியசாலைப் பக்கம் போனது. உள்ளே யார், என்ன நோய் என்று தெரியாது. கொழும்பு மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு ஒன்று 2015இல் வெளியானது. வளர்ந்தவர்கள் ஆயிரம் பேரை எடுத்தால் ஏறக்குறையப் பத்துப் பேர் பாரிசவாதத்துக்கு ஆளானவர்கள் என்று அது சொல்கிறது. வெள்ளவத்தையில் ஒரு மாடிக்கட்டடத்துக்கு, கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்குக்கு ஒருவராவது இருப்பார்.

"எங்கட ஆக்களுக்கு இந்தக் கால் வருத்தம் வாறதில்லை, அது வெள்ளைக்காரர்ட நோய்." காலையில் பார்மசியில் எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் உறுதியாகச் சொன்ன வார்த்தை. பழைய மருத்துவப் புத்தகங்களிலும் இந்தக் கருத்து இருந்ததுதான். தேடிப் பார்க்காத இடத்தில் நோய் குறைவாகத்தான் தெரியும். இரத்தம் உறைய என்னென்ன வேண்டும் என்பது ஜெர்மன் மருத்துவர் ருடோல்ஃப் விர்கோவின் பெயரால் இன்றும் படிப்பிக்கப்படுகிறது: ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் உட்சுவர் கெடுவது, இரத்தம் தானே உறையத் துடிப்பது. சுவாசப்பையில் காணும் கட்டி அங்கே பிறந்ததல்ல, காலில் இருந்து போனது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டியவரும் அவர்தான். மூளையில் கசிந்த ஆளிடம் இவை சேர்ந்தே வருகின்றன. விழுந்த காலில் கெண்டைத் தசை சுருங்கி விரியாததால் இரத்தம் மேலே ஏறாது. மூளை வீக்கம் வற்ற ஏற்றும் மனிற்றோல் உடம்பின் தண்ணீரையும் இழுத்துவிடும். விழுங்க முடியாததால் குடிப்பதும் குறைவு. கசிவுக்கு எதிர்வினையாக உடம்பு உறைவுப் பொருட்களைக் கூட்டிவிடுகிறது. இதில் தோலின் நிறம் எங்கே வந்தது?

டெனிஸ் குழுவின் மூன்றாவது ஆய்வு 2013இல் வந்தது, பிரித்தானியாவில் 94 ஆஸ்பத்திரிகள், 2,876 நோயாளிகள். இது காற்றுறையைச் சோதித்தது. முப்பது நாளுக்குள் பெரிய நாளத்தில் கட்டி வந்தவர்கள், உறை போட்டவர்களில் 8.5 வீதம், போடாதவர்களில் 12.1 வீதம். கசிவினால் வந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது போடாதவர்களில் 17 வீதம், போட்டவர்களில் 6.7 வீதம். ஆறு பேரில் ஒருவர் என்பது சின்ன எண் இல்லை. மருதானைப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது அந்த எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரிகிற இடத்தில் இறங்கி, ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தோம். வடை பொரிக்கிற எண்ணெய் மணம், கோயில் மணி, ஹோர்ன் சத்தம். முடுக்கு இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலம். முன்னறையில் தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் கட்டில். ஐம்பத்தேழு வயது அம்மா. கசிந்து நாலு வாரம், இடப்பக்கம் வராது. மகள் பாவாடை தைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள்.

வாசலிலேயே மூக்கில் ஏறியது மூலிகை எண்ணெய் வாசம். கபோஸ் லேனில் வாங்கிய போத்தல், 950 ரூபா. "அண்ணி காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா நல்லா அமுக்கி உருவி விடுறாங்க மிஸ். மூணு நாளா கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. வாதக் கால்னா வீங்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொல்றாங்க."

போர்வையை விலக்கினார்கள். வலக்கால் சாதாரணமாக இருந்தது. இடது கெண்டையின் தோல் இழுத்துப் பிடித்த மாதிரி மினுங்கியது. கையை வைக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். வைத்தேன். மற்றக் காலை விடச் சூடு, சந்தேகமே இல்லை. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, உடனே நிரம்பவில்லை. எல்லாரும் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அசையாமல் தொங்கும் கால் நீர் கோர்த்து வீங்கும். அதனால்தான் வெறும் கண்ணை நம்ப முடியாது. மகளின் தையல் நாடாவையே வாங்கி, எலும்பு மேட்டில் இருந்து பத்து சென்டிமீற்றர் கீழே அளந்தார். வலது 33. இடது 37.

வெல்ஸ் என்ற கனேடிய மருத்துவர் வகுத்த புள்ளிமுறையில், இரண்டு கெண்டைக்கும் 3 சென்டிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு புள்ளி. விழுந்த கால் என்றால் ஒன்று, மூன்று நாளுக்கு மேல் படுக்கை என்றால் ஒன்று, விழுகிற பள்ளம் அந்தக் காலில் மட்டும் என்றால் ஒன்று. இரண்டு சேர்ந்தாலே சந்தேகம் பலமானது. கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு நாலு சேர்ந்துவிட்டது.

"இனி எண்ணெய் வேண்டாம், உருவ வேண்டாம், எழுப்பி நடத்தவும் வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்." பிசியோதெரபிஸ்ட் குரலை உயர்த்தவில்லை, ஆனால் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டே செருப்பையும் மாட்டிவிட்டார். வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறதே என்று அண்ணன் இழுத்தார். அதற்கு இன்னும் மூன்று நாள். மகள் போனை எடுத்து 1990ஐ அடித்தாள். மூச்சு வாங்குதா, நெஞ்சு நோகுதா, இருமலில் இரத்தம் வருதா என்று மறுமுனையில் கேட்டார்கள். மூன்றுக்கும் இல்லை. அந்த மூன்றில் ஒன்று வந்திருந்தால் கட்டி காலை விட்டுக் கிளம்பிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். அம்புலன்ஸ் முடுக்குக்குள் வராது. தெருமுனை வரை கட்டில் விரிப்போடு நாலு பேர் தூக்கினார்கள். அரச அம்புலன்ஸ், அரச ஆஸ்பத்திரி, காசு எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் ஸ்கான் அறை வாசலில் நின்றேன். திரை அரைவாசி விலகியிருந்தது. டொக்டர் தொடையின் உட்பக்கம் களிம்பு பூசிக் கருவியால் அமுக்கினார். ஸ்கான் திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள், நாடி ஒன்று, நாளம் ஒன்று. வலக்காலில் அமுக்க அமுக்க நாளம் தட்டையாகி மறைந்தது. இடக்காலில் அதே அமுக்கலுக்கு அசையவில்லை. வட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ நிரம்பியிருந்தது. எனக்கே விளங்கிவிட்டது. மகள் டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலையை மறுபடி சீ.ரி. எடுத்தார்கள். பழைய கசிவு வற்றிக்கொண்டு வருகிறது, புதிதாக ஒன்றும் இல்லை. கவனித்துக்கொண்டே இரத்தம் கட்டாத ஊசி தொடங்கலாம் என்று முடிவானது. கசிந்து சில நாளே ஆகியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அப்போது ஊசி போடப் பயம், வயிற்றில் உள்ள பெரிய நாளத்தில் ஒரு கம்பி வடியை இறக்கி, கட்டி மேலே போகாமல் மறிக்கப் பார்ப்போம் என்றார். முதல் நாளே வார்ட்டில் சொந்தக்காரர்கள் என்ன கேட்க வேண்டும் என்றும் கேட்டேன். அவர் நேராகச் சொன்னார்: "காலுக்குக் காற்றுறை இருக்கா, ஊசி எப்ப தொடங்குவீங்க, இந்த ரெண்டையும் கேளுங்க. வீட்டுக்கு அனுப்புறப்போ ரெண்டு கெண்டை அளவையும் கார்ட்ல எழுதித் தரச் சொல்லுங்க. எங்களுக்கும் அது நல்லது."

மகள் அதைக் கார்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு வராந்தாவுக்கு வந்து அண்ணனுக்குப் போன் எடுத்தாள். "ஊசி போட்டுட்டாங்க. அண்ணிகிட்ட எண்ணெய்ப் போத்தலைத் தொட வேணாம்னு சொல்லு. சாயங்காலம் வர்றப்போ அம்மாவுக்கு ஒரு துவாயும், உறிஞ்சிக் குடிக்கிற போத்தலும் கொண்டு வா. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்க."